வாசகர் கேள்வி-பதில்: செய்திக்குள் இருக்கும் மனிதர்

இணையச் செய்திகளின் அறம் பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் பல, செய்தியில் பெயர் அடிபட்டவர்களிடமிருந்தோ அவர்கள் வீட்டாரிடமிருந்தோ வந்திருக்கின்றன. பெயர் வேண்டாம் என்று சிலர் கேட்டிருந்தார்கள். கேட்காதவர்களின் பெயரையும் நான் எடுத்துவிட்டேன். இந்தப் பக்கமும் இணையத்தில் ஏறப்போகிறது. பத்து வருடம் கழித்து யாரோ உங்கள் பெயரைத் தேடும்போது இது வந்து நிற்கும். அன்றைக்கு அது உங்களுக்கு வசதியாக இருக்குமா என்று இன்றே சொல்ல உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது.

நான் 11 வருடம் அச்சுப் பத்திரிகை டெஸ்க்கிலும் 14 வருடம் இணையதள டெஸ்க்கிலும் வேலை பார்த்தவள். அந்த அனுபவத்தை வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

கேள்வி: “முதலில் சரியாக இருக்கட்டும், வேகம் பிறகு” என்று வகுப்பில் சொல்லித் தருகிறார்கள். பயிற்சிக்குப் போன இடத்தில், போட்டித் தளம் போட்டு நாலு நிமிஷம் ஆச்சு என்று திட்டு வாங்கினேன். எதைக் கேட்பது?
*(இதழியல் மாணவர்)*

பதில்: வகுப்பைக் கேளுங்கள். ஏன் என்று என் கதையிலிருந்தே சொல்கிறேன்.

ஒரு இரவு ஷிஃப்ட். பெரிய சாலை விபத்து. இறந்தவர்கள் பட்டியல் என்று ஒரு தாளின் போட்டோ வாட்ஸ்அப்பில் வந்தது. கையெழுத்தில் ஏழு பெயர்கள், வயது, ஓரத்தில் பாதி முத்திரை. அனுப்பிய நிருபர் “ஸ்டேஷன்ல இருந்தே வந்தது” என்றார். சந்தேகத்துக்கு இன்னொரு நிருபரைக் கூப்பிட்டேன். அவரும் அதே ஏழு பெயரைச் சொன்னார். இரண்டு பேர் சொல்லிவிட்டார்கள் என்ற தைரியத்தில் செய்தியை ஏற்றி, நோட்டிஃபிகேஷனும் தட்டிவிட்டேன்.

இருபது நிமிடத்தில் டெஸ்க் போன் அடித்தது. ஒரு பெண் குரல். “நாலாவதா ஒரு பேர் போட்டிருக்கீங்களே, அது எங்கப்பா. என் பக்கத்துலதான் படுத்திருக்கார். சொந்தக்காரங்க எல்லாம் அழுதுகிட்டே அம்மாவுக்குப் போன் பண்றாங்க. தயவுசெஞ்சு எடுத்துடுங்க.” அந்தக் குரலில் கோபமே இல்லை. எடுத்தால் போதும் என்ற அவசரம் மட்டும்தான் இருந்தது.

அந்தத் தாள், மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் பட்டியல். ஏழு பேரில் இருவர்தான் இறந்திருந்தார்கள். தாளின் மேலே அது என்ன பட்டியல் என்று ஒரு வரி எழுதியிருந்திருக்கிறது. போட்டோ எடுத்தவர் அந்த வரியை வெட்டிவிட்டார். என் இரண்டு நிருபர்களும் வெட்டுப்பட்ட அதே போட்டோவைத்தான் பார்த்திருக்கிறார்கள். இரண்டு வாய், ஒரே தாள்.

பெரிய நிறுவனங்களுக்கும் இது நடந்திருக்கிறது. 2011 ஜனவரி 8 அன்று அமெரிக்காவின் டூசான் நகரில் நாடாளுமன்ற உறுப்பினர் கேப்ரியல் கிஃபர்ட்ஸ் சுடப்பட்டார். அவர் இறந்துவிட்டதாக அமெரிக்கப் பொது வானொலியான என்பிஆர் அறிவித்தது. மற்ற பெரிய ஊடகங்களும் பின்னாலேயே போட்டன. அப்போது அவர் மருத்துவமனையில் உயிரோடு இருந்தார். அவரைப் பார்க்க விமானத்தில் வந்துகொண்டிருந்த கணவர் மார்க் கெல்லி, மனைவி இறந்துவிட்டார் என்ற செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்தார். என்பிஆர் விசாரிக்காமல் போடவில்லை. இரண்டு இடத்தில் கேட்டிருந்தது. அந்த இரண்டு இடத்தில் ஒன்றுகூட மருத்துவமனை இல்லை.

ஆகவே எத்தனை பேர் சொன்னார்கள் என்று எண்ணுவதோடு நிறுத்தாதீர்கள். “உங்களுக்கு எப்படித் தெரியும்? நேரில் பார்த்தீர்களா, யாராவது சொன்னார்களா? சொன்னவர் யார்?” என்று கேளுங்கள். எரிச்சலோடு பதில் வரும், வரட்டும். ஒருவர் இறந்த செய்திக்கு மருத்துவமனையோ குடும்பமோ பொறுப்பான அதிகாரியோ பெயர் சொல்லி உறுதி செய்ய வேண்டும். அதுவரை அந்தப் பெயர் உங்கள் நோட்டில் மட்டும் இருக்கட்டும்.

வேகம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. விபத்து எங்கே நடந்தது, எந்தப் பாதை மூடியிருக்கிறது, காயம்பட்டவர்கள் எந்த மருத்துவமனையில் இருக்கிறார்கள், இதையெல்லாம் முதல் நிமிடத்திலேயே கொடுங்கள். அதை எதிர்பார்த்துத் தவிப்பவர்கள் இருக்கிறார்கள். பெயர்ப் பட்டியலுக்கு அந்த வேகம் தேவையே இல்லை. நாலு நிமிடம் முந்திய தளம் எது என்று மறுநாள் யாருக்கும் நினைவிருக்காது. எனக்குப் போன் செய்த அந்தப் பெண்ணுக்கு எங்கள் தளத்தின் பெயர் இன்றைக்கும் நினைவிருக்கும்.

கேள்வி: காலையில் படித்த செய்தியை மாலையில் திறந்தால் உள்ளே வேறு ஆளின் பெயர், வேறு எண்ணிக்கை. மாற்றியதாக ஒரு வரிகூட இல்லை. நான்தான் தப்பாகப் படித்தேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. இப்படிச் செய்யலாமா?
*(ஓய்வுபெற்ற ஆசிரியர்)*

பதில்: கூடாது. உங்கள் கண்ணில் எந்தக் குறையும் இல்லை ஐயா. டெஸ்க்கில் இதைச் சத்தமில்லாமல் மாற்றுவது என்போம். பலர் இதைத் தவறென்றே நினைப்பதில்லை. “சரி பண்ணிட்டோமே, அப்புறம் என்ன?” என்பார்கள்.

காலையில் படித்தவர்கள் மாலையில் திரும்பி வருவதில்லை என்பதுதான் அதற்குப் பதில். தவறோடு போனவர்கள் தவறோடேயே இருக்கிறார்கள். தவறு எவ்வளவு வேகமாகப் போகும் என்பதற்கு ஓர் அளவு உண்டு. ட்விட்டரில் 2006 முதல் 2017 வரை பரவிய சுமார் 1,26,000 செய்திகளை அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எடுத்து ஆராய்ந்து, 2018-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். ஓர் உண்மைச் செய்தி 1,500 பேரைச் சென்றடைய, பொய்ச் செய்திக்கு ஆனதைப் போல ஆறு மடங்கு நேரம் ஆகியிருக்கிறது. பொய்யைப் பரப்பியதில் பெரும்பங்கு தானியங்கிக் கணக்குகளுக்கு இல்லை, மனிதர்களுக்குத்தான் என்பதும் அந்த ஆய்வில் தெரியவந்தது. அப்படியிருக்க, சத்தமில்லாமல் செய்த திருத்தம் யாரைப் போய்ச் சேரும்?

அச்சில் திருத்தத்துக்கு என்று ஓர் இடம் இருந்தது. லண்டன் ‘கார்டியன்’ 1997-இல் இயன் மேயஸ் என்பவரை, வாசகர் புகார்களை விசாரிக்கும் ‘வாசகர் ஆசிரியராக’ அமர்த்தி, திருத்தங்களை தினமும் ஒரே இடத்தில் வெளியிட்டது. ‘தி இந்து’ 2006-இல் அப்படியொரு பதவியை ஏற்படுத்தியது. தன் நிருபர் ஜேசன் பிளேர் செய்திகளை இட்டுக்கட்டியது அம்பலமான 2003-இல் ‘நியூயார்க் டைம்ஸ்’ இதே வேலைக்குப் பொது ஆசிரியர் என்ற பதவியை உருவாக்கி, 2017-இல் அதை நீக்கிவிட்டது. வாசகர்களே சமூக ஊடகங்களில் கேள்வி கேட்டுவிடுகிறார்கள் என்று காரணம் சொன்னார்கள். என்னால் அதை ஏற்க முடியவில்லை. கூட்டத்தில் ஆயிரம் பேர் கத்துவதும், ஒருவர் உள்ளே உட்கார்ந்து நிருபரின் நோட்டை வாங்கிப் பார்ப்பதும் ஒன்றாகாது.

எழுத்துப்பிழைக்குக் குறிப்பு போட வேண்டியதில்லை. பெயர், எண்ணிக்கை, குற்றச்சாட்டு, யார் சொன்னது, இவற்றில் எது மாறினாலும் செய்தியின் தலையிலேயே போட வேண்டும்: முன்பு என்ன எழுதியிருந்தோம், எது சரி, எத்தனை மணிக்கு மாற்றினோம். தவறான செய்தி நோட்டிஃபிகேஷனாகப் போயிருந்தால் திருத்தமும் நோட்டிஃபிகேஷனாகவே போக வேண்டும். ஏழு பெயர் விஷயத்தில் நான் அதைச் செய்யவில்லை. செய்தியை மட்டும் மாற்றினேன். பழைய ஸ்கிரீன்ஷாட் இரண்டு நாள் குடும்பக் குழுக்களில் சுற்றிக்கொண்டிருந்தது.

அடுத்த முறை இப்படி நடந்தால் இணைய ஆவணக் காப்பகத்தின் ‘வேபேக் மெஷின்’ பக்கத்தில் அந்தச் செய்தியின் முகவரியைப் போட்டுப் பாருங்கள். பல நேரம் காலைப் பதிப்பு அங்கே அப்படியே இருக்கும். அதை இணைத்துத் தளத்துக்கு எழுதுங்கள்.

கேள்வி: ஒரு மோசடி வழக்கில் என் தம்பி கைதானான். அவன்மீது குற்றமில்லை என்று நீதிமன்றம் விடுவித்து மூன்று வருடமாகிறது. இன்றும் அவன் பெயரைத் தேடினால் முதலில் வருவது போட்டோவோடு அந்தக் கைதுச் செய்திதான். நேர்முகத் தேர்வுக்குப் போகிற இடத்திலெல்லாம் பார்த்துவிடுகிறார்கள். தளத்துக்கு மூன்று மெயில் அனுப்பிவிட்டேன், பதில் இல்லை. எடுக்கச் சொல்ல எங்களுக்கு உரிமை இல்லையா?
*(ஒரு சகோதரி)*

பதில்: அம்மா, உங்கள் கடிதம் இரண்டு நாளாக என் மேசையில்தான் இருக்கிறது. படிக்கும்போதெல்லாம் வேறொருவர் முகம் வருகிறது.

சில வருடங்களுக்கு முன் ஒருவர் எங்கள் அலுவலகத்துக்கே வந்தார். கையில் பிளாஸ்டிக் கவர், உள்ளே 31 பக்கத் தீர்ப்பு நகல். கடைசிப் பக்கத்தில் “விடுதலை செய்யப்படுகிறார்” என்ற இடத்தில் கோடு போட்டிருந்தார், பென்சிலில். பேனாவில் போட்டால் கோர்ட் பேப்பர் கெட்டுவிடும் என்று பயந்தாராம். எங்கள் தளத்தில் தேடினேன். கைதுச் செய்தி இருந்தது. இரண்டு பத்தி, இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவில் அவர் நிற்கும் படம். விடுதலைச் செய்தி இல்லவே இல்லை. எந்தத் தளத்திலும் இல்லை.

ஏன் இப்படி ஆகிறது என்று சொல்கிறேன். கைது என்றால் போலீஸ் செய்திக்குறிப்பு தரும், ஆளை நிறுத்திப் படம் எடுக்க விடும். அரை மணி நேரத்தில் செய்தி தயார். விடுதலைக்குச் செய்திக்குறிப்பு தர யாரும் இல்லை. நாலைந்து வருடம் கழித்து, ஏதோ ஒரு மதியம், வக்கீலும் குமாஸ்தாவும் மட்டும் இருக்கும் அறையில் அது நடந்து முடிந்துவிடும். வழக்கைத் தொடங்கியபோது எழுதிய நிருபர் வேறு தளத்துக்குப் போயிருப்பார். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. ஆனால் பலன் என்ன? உலகத்துக்குத் தெரிந்த கடைசித் தகவல், அவர் கைதானார் என்பதுதான்.

அச்சுக் காலத்தில் அந்தச் செய்தி மறுநாளே பழைய பேப்பர். தேடுபொறி வந்த பிறகு பழைய செய்தி என்று ஒன்று இல்லாமல் போய்விட்டது. ஒரு ஸ்பானியரின் வழக்கு இதில் முக்கியமானது. சமூகப் பாதுகாப்புக் கடனுக்காக அவர் வீடு ஏலத்துக்கு வந்த அறிவிப்பு 1998-இல் ‘லா வான்கார்டியா’ நாளிதழில் வெளியானது. கடன் தீர்ந்த பிறகும் அவர் பெயரைத் தேடினால் அந்த அறிவிப்பே வந்தது. 2014 மே 13 அன்று ஐரோப்பிய நீதிமன்றம், பொருத்தமிழந்த இத்தகைய முடிவுகளைப் பெயர்த் தேடலிலிருந்து நீக்கச் சொல்லிக் கேட்கும் உரிமை ஒருவருக்கு உண்டு என்று கூகுளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஒன்றைக் கவனியுங்கள்: நாளிதழின் பக்கத்தை அழிக்க உத்தரவு வரவில்லை. பக்கம் அங்கேயே இருக்கும், பெயரைத் தட்டினால் மட்டும் வராது.

செய்தி நிறுவனங்கள் தாங்களாகவே முன்வந்ததும் உண்டு. அமெரிக்காவில் கிளீவ்லேண்ட் நகரின் செய்தித்தளம் 2018-இல் சிறு குற்றச் செய்திகளிலிருந்து பெயர் நீக்கக் கோரும் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கத் தொடங்கியது. ‘பாஸ்டன் குளோப்’ 2021 ஜனவரியில் இதற்கென்றே ஒரு திட்டம் தொடங்கி, ஒரு குழு உட்கார்ந்து விண்ணப்பங்களைப் பார்க்கிறது.

கேட்டதற்கெல்லாம் செய்தியை அழிப்பதை நான் எதிர்க்கிறேன். அப்படி ஒரு கதவைத் திறந்தால் முதல் ஆளாக வந்து நிற்பவர் உங்கள் தம்பி இல்லை. வக்கீல் படையோடு வரும் அரசியல்வாதியும் முதலாளியும்தான். பதவியில் இருந்தவர் செய்தது பத்து வருடம் கழித்தும் மக்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அழிப்பதற்கும் அப்படியே விடுவதற்கும் நடுவில் நிறைய செய்யலாம். தலைப்பையும் முதல் வரியையும் மாற்றி விடுதலையைச் சொல்லலாம், படத்தை எடுக்கலாம், பெயரை எடுக்கலாம், தேடுபொறி இந்தப் பக்கத்தைக் காட்டக்கூடாது என்று பக்கத்தின் நிரலில் ஒரு வரி சேர்க்கலாம். உங்கள் தம்பி விஷயத்தில் முதல் இரண்டைச் செய்வது தளத்தின் கடமை, சலுகை இல்லை. பெயரை எடுப்பதையும் நான் ஆதரிப்பேன்.

மூன்று மெயிலும் பொதுவான முகவரிக்குப் போயிருக்கும் என்று நினைக்கிறேன். ஆசிரியருக்கோ புகார் அலுவலருக்கோ பெயர் போட்டு எழுதுங்கள். செய்தியின் இணைப்பு, வழக்கு எண், தீர்ப்பின் தேதி, கடைசிப் பக்க நகல் இருக்கட்டும். “இந்தச் செய்தி இன்று முழுமையானதல்ல. தலைப்பில் விடுதலையைச் சேர்க்கவும், படத்தை நீக்கவும் கோருகிறேன். இந்தத் தேதிக்குள் பதில் வேண்டும்.” இவ்வளவு போதும். கெஞ்சி எழுதாதீர்கள். தேடுபொறிக்கும் தனியாக விண்ணப்பியுங்கள். பெயரை நீக்கும் சட்டம் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் வழக்கை நடத்திய வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பென்சில் கோடு போட்டவரை என் பக்கத்தில் உட்கார வைத்துத்தான் திருத்தினேன். தலைப்பு, முதல் பத்தி, படம். கால் மணி நேரம் ஆனது. திரையையே பார்த்துக்கொண்டிருந்தவர், “இவ்வளவுதானா?” என்றார். நாலு வருடமாக அலைந்திருக்கிறார்.

கேள்வி: “அதிர்ச்சி!”, “நீங்களே பாருங்க!” என்று தலைப்பு. உள்ளே ஒன்றுமில்லை. நிருபர்களுக்கு வெட்கமாக இருக்காதா?
*(கல்லூரி மாணவி)*

பதில்: இருக்கிறது. பல நேரம் அந்தத் தலைப்பை நிருபர் எழுதுவதில்லை. எத்தனை பேர் இந்த நொடியில் எதைப் படிக்கிறார்கள் என்று காட்டும் திரை ஒன்று டெஸ்க்கில் ஓடிக்கொண்டிருக்கும். ஒரே செய்திக்கு இரண்டு தலைப்பு போட்டு, எது அதிகம் கிளிக் வாங்குகிறதோ அதை வைத்துக்கொள்வார்கள். இரண்டு தலைப்பில் எது உண்மைக்கு நெருக்கம் என்று அந்தத் திரை சொல்லாது. நான் வைத்திருந்த சோதனை ஒன்றுதான்: தலைப்பை மட்டும் படித்துவிட்டுப் போகிறவர் தவறான நினைப்போடு போவாரா? ஆம் என்றால் மாற்று. பெரும்பாலானோர் தலைப்பைத் தாண்டுவதில்லை என்பது டெஸ்க்கில் எல்லோருக்கும் தெரியும். அப்படியென்றால் அவர்களுக்கு அந்தத் தலைப்புதான் முழுச் செய்தி.

கேள்வி: எங்கள் மாடிவீட்டுப் பெண் தேர்வு முடிவு வந்த அன்று உயிரை மாய்த்துக்கொண்டாள். மாலைக்குள் அவள் பள்ளிப் படம், எழுதி வைத்த கடிதம், எப்படிச் செய்தாள் என்பது எல்லாம் போனில். என் மகளும் அவளும் ஒரே வகுப்பு. இவள் அதையே திரும்பத் திரும்பப் படிக்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது.
*(ஒரு தாய்)*

பதில்: முதலில் மகள். இன்றைக்கே பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். “உனக்கும் அப்படி ஏதாவது தோணுதா?” என்று நேரடியாகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது, கேட்டால்தான் சொல்வார்கள் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. போனைப் பிடுங்க வேண்டாம், அவளோடு சேர்ந்து அந்தச் செய்தியை மூடுங்கள். தூக்கமோ சாப்பாடோ மாறியிருந்தால், அல்லது கேட்டதற்கு ஆமாம் என்று சொன்னால், தள்ளிப்போடாமல் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அதுவரை அவளைத் தனியே விடாதீர்கள்.

உங்கள் பயம் நியாயமானது, அதற்குச் சான்றும் இருக்கிறது. வியன்னாவில் சுரங்க ரயில் 1978-இல் ஓடத் தொடங்கியது. எண்பதுகளின் நடுவில் அங்கே தற்கொலைகள் கூடின. பத்திரிகைகள் ஒவ்வொன்றையும் விலாவாரியாக எழுதின. ஆஸ்திரியாவின் தற்கொலைத் தடுப்பு அமைப்பு வழிகாட்டுதல் ஒன்றைத் தயாரித்து 1987-இன் நடுவில் பத்திரிகைகளிடம் கொடுத்தது. அவையும் ஏற்றுக்கொண்டன. அந்த வருடத்தின் முதல் பாதியோடு ஒப்பிட, இரண்டாம் பாதியில் சுரங்க ரயில் தற்கொலைகளும் முயற்சிகளும் 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தன. மாறியது செய்தி எழுதும் விதம். உலக சுகாதார நிறுவனம் 2000-இல் ஊடகங்களுக்கு வெளியிட்ட வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது: எப்படிச் செய்தார் என்று எழுதாதே, இடத்தை விவரிக்காதே, கடிதத்தைப் போடாதே, ஒற்றைக் காரணத்தைத் தலைப்பாக்காதே.

கடைசியாகச் சொன்னதை நம் தளங்கள் தினமும் மீறுகின்றன. “மதிப்பெண் குறைந்ததால்” என்று எழுதுகிறோம். அதே மதிப்பெண் வாங்கிய இன்னொரு பிள்ளை, இதற்கு இதுதான் முடிவு போலிருக்கிறது என்று படிக்கும். கீழே உதவி எண் போட்டுவிட்டால் கணக்கு சரியாகிவிடும் என்று நினைக்கிறார்கள். மேலே எல்லாவற்றையும் எழுதிவிட்டு அடியில் ஒரு எண் கொடுத்து என்ன பயன்? நெருக்கடியைத் தாண்டி வந்தவர்களைப் பற்றிய செய்திகள் வந்த பிறகு தற்கொலைகள் குறைவதை, 2010-இல் வியன்னா ஆய்வாளர்கள் கவனித்து எழுதினார்கள். அந்த மாதிரிச் செய்தியை எழுத ஒரு நாள் ஆகும், கடிதத்தின் போட்டோவை ஏற்ற ஒரு நிமிடம் போதும்.

அந்தக் கடிதத்தை வெளியிட்ட தளத்துக்கு எழுதுங்கள். அது அந்தப் பெண் தன் வீட்டாருக்கு எழுதியது.

கேள்வி: பெரிய சம்பவம் நடந்தால் வீடியோக்களை ஒப்பிட்டு, ஆட்களைக் கண்டுபிடிக்க நானும் நண்பர்களும் உதவுகிறோம். நிருபர்களும் எங்கள் பதிவுகளை எடுத்துப் போடுகிறார்கள். இது தவறா?
*(மென்பொருள் துறை வாசகர்)*

பதில்: எதைத் தேடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

2013 ஏப்ரல் 15, பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்பு. அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ, சந்தேகத்துக்குரிய இருவரின் படத்தை வெளியிட்டது. ரெட்டிட் என்ற இணைய விவாதத் தளத்தில் உங்களைப் போலவே அக்கறையுள்ளவர்கள் உட்கார்ந்து தேடினார்கள். ஒரு மாதமாகக் காணாமல் போயிருந்த கல்லூரி மாணவர் ஒருவரின் சாயல் இருப்பதாக முடிவு கட்டினார்கள். சில செய்தியாளர்களும் அந்தப் பெயரைப் பரப்பினார்கள். மகனைத் தேடுவதற்காகக் குடும்பம் தொடங்கியிருந்த ஃபேஸ்புக் பக்கத்தில் வசவு வந்து குவிய, அவர்கள் அந்தப் பக்கத்தையே எடுக்க வேண்டியதாயிற்று. குற்றவாளிகள் வேறு இருவர். ரெட்டிட் மன்னிப்புக் கேட்டது. மறுநாள், ஏப்ரல் 23, அந்த மாணவரின் உடல் ஓர் ஆற்றில் கிடைத்தது. பிள்ளையைத் தேடிக்கொண்டிருந்த பெற்றோருக்கு அந்த வாரம் எப்படிப் போயிருக்கும்?

மறுபக்கமும் உண்டு. 2014 ஜூலை 17 அன்று உக்ரைன் மேலே எம்எச்17 விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் இறந்தார்கள். அதே மாதம் தொடங்கப்பட்டிருந்த ‘பெல்லிங்கேட்’ குழு, இணையத்தில் கிடந்த படங்களில் கட்டடங்களையும் சாலைகளையும் ஒப்பிட்டு, ஏவுகணை வண்டி எந்த வழியாக வந்தது என்று படிப்படியாகக் காட்டியது. அது ரஷ்யாவின் 53-ஆம் படைப்பிரிவைச் சேர்ந்தது என்று சர்வதேச விசாரணைக் குழு 2018-இல் அறிவித்தது.

இரண்டிலும் உழைப்பு ஒன்றுதான். ஒன்றில் கேட்ட கேள்வி “இந்தப் படம் எங்கே, எப்போது எடுத்தது?” அதைத் தவறாகச் சொன்னால் இன்னொருவர் வரைபடத்தை எடுத்துத் திருத்தலாம். மற்றதில் கேட்டது “இவன் யார்?” அதில் தவறினால் ஒரு வீட்டின் வாசலில் கல் விழும். இடத்தைத் தேடுங்கள், நாளைத் தேடுங்கள், பழைய படம் புதிதாகச் சுற்றுகிறதா என்று பாருங்கள். ஆளின் பெயர் கிடைத்தால் பொதுவில் போடாமல் விசாரிப்பவர்களிடம் கொடுங்கள்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவு எழுதிய செய்தியை நம்பலாமா?
*(வங்கி ஊழியர்)*

பதில்: யார் பொறுப்பு என்று தெரியாத எதையும் நம்பாதீர்கள். அமெரிக்காவின் ‘சிநெட்’ தளம் பணம் பற்றிய 77 கட்டுரைகளை இயந்திரத்தை வைத்து எழுதி, பொதுவான ஒரு பெயரில் வெளியிட்டது. 2023 ஜனவரியில் விஷயம் வெளியே வந்து சரிபார்த்தபோது 41 கட்டுரைகளுக்குத் திருத்தம் போட வேண்டியிருந்தது. 10,000 டாலரை 3 சதவீத வட்டிக்குப் போட்டால் ஒரு வருடத்தில் 10,300 டாலர் சம்பாதிக்கலாம் என்று ஒன்றில் இருந்தது. உங்கள் கண்ணில் பட்டிருந்தால் ஒரு நொடியில் சொல்லியிருப்பீர்கள், வட்டி 300 தான் என்று. அதே ஆண்டு நவம்பரில் ‘ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்’ தளத்தில் சில எழுத்தாளர்களின் முகங்களே செயற்கையாக உருவாக்கப்பட்டவை என்று தெரியவந்தது.

பேட்டியை எழுத்தாக்க, நீளமான ஆவணத்தில் ஓர் இடத்தைத் தேட, நானும் கருவிகளைப் பயன்படுத்துகிறேன். அவை தந்ததை மூலத்தோடு ஒப்பிடாமல் ஒரு வரிகூட ஏற்றியதில்லை. செய்திக்குக் கீழே பெயர் போடுவது பெருமைக்காக இல்லை. தவறென்றால் யாருக்குப் போன் செய்வது என்று தெரிவதற்காக.

கேள்வி: வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். ஒரு சிறுமிக்கு நடந்த கொடுமை பற்றிய செய்தியில் பெயர் இல்லை. ஆனால் தெருவும் பள்ளியும் இருந்தன. எடுக்கலாமா என்று கேட்டேன். “பேர்தான் போடலையே” என்றார் ஷிஃப்ட் பொறுப்பாளர். வேலையை விட முடியாத நிலை. இணைப்பு அனுப்பியிருக்கிறேன். நான் என்ன செய்ய?
*(துணை ஆசிரியர்)*

பதில்: தம்பி, வேலையை விட வேண்டாம். அந்த நாற்காலியில் உங்களைப் போல் ஒருவர் இருப்பது நல்லது.

பெயர் போடாவிட்டாலும் ஆள் தெரிந்துவிடும். ஒரு தளம் தெருவைப் போடும், இன்னொன்று அப்பாவின் தொழிலைப் போடும், மூன்றாவது பள்ளியைப் போடும். தனித்தனியே யாரும் அடையாளம் காட்டவில்லை. மூன்றையும் படித்தவருக்கு வீடே தெரியும். அக்கம்பக்கத்தாருக்கு ஒன்றே போதும். பல நாடுகளில் சட்டம் தடுப்பது பெயரை மட்டும் அல்ல, அடையாளம் தெரியவைக்கும் எந்த விவரத்தையும்தான்.

பொறுப்பாளரிடம் அறம் பற்றிப் பேசாதீர்கள். மூன்று தளத்தையும் அவர் திரையில் பக்கத்துப் பக்கத்தில் திறந்து, “ரெண்டே நிமிஷத்துல வீடு தெரிஞ்சிடுது சார், பாருங்க” என்று காட்டுங்கள். கையோடு மாற்று வரியையும் எழுதிக் கொண்டுபோங்கள். மறுப்பதற்கு ஆகும் நேரத்தைவிட மாற்றுவதற்கு ஆகும் நேரம் குறைவாக இருக்க வேண்டும். அப்போதும் முடியாது என்றால் அதே விஷயத்தை இரண்டு வரி மெயிலாக அவருக்கும் ஆசிரியருக்கும் அனுப்புங்கள், மரியாதையோடு, நேரம் குறித்து. எழுத்தில் வந்த எச்சரிக்கையை ஒதுக்க மேலே இருப்பவர்கள் தயங்குவார்கள். அந்த மெயில் உங்களுக்கும் பாதுகாப்பு.

நீங்கள் அனுப்பிய இணைப்பை நேற்று இரவு திறந்து பார்த்தேன். பள்ளியின் பெயர் இப்போது அதில் இல்லை. எடுத்தது நீங்களாகத்தான் இருக்கும். தெருப் பெயர் மூன்றாவது பத்தியில் இன்னும் இருக்கிறது. நாளை காலை ஷிஃப்டில் மறுபடி கேளுங்கள்.